கானச்சுடருக்கு எறையூரில் தடை

சிந்தாமணி அழ ஆரம்பித்ததும் இராமலிங்கம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். பிறகு கதவையும் சாத்தினான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தெருவே தலை சாய்க்கிற நேரம். எட்டு மாதக் குழந்தைக்கு அது தெரிய நியாயமில்லை.

"ஜன்னலைச் சாத்துனா அழுகை நின்னுடுமா?" என்றாள் மலர்க்கொடி. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள். "அந்தப் பாட்டைப் போடுங்க. தூக்கத்துக்குத்தான் அழுவுது."

"போடக் கூடாது."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்."

அதுதான் சிக்கல். வேறு யாராவது சொல்லியிருந்தால் இராமலிங்கம் அந்த நிமிஷமே மீறியிருப்பான்.

எறையூர்ச் சர்க்கரை ஆலையில் அவன் எடைமேடை குமாஸ்தா. கரும்பு வண்டி மேடையேறினால் எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. அவன் குடும்பத்தில் நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவன்தான். கல்யாணமான வருஷம் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினான். அதில் போடுவதற்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த கேசட் கடையில் சொல்லி ஒரு கேசட் பதிந்து வாங்கினான். கானச்சுடர் வேங்கடநாதன் பாடிய முருகன் பாட்டுகள்.

செட்டிகுளம் மலைக்கோயில் திருவிழாவில், ஸ்பீக்கர் வழியாக அந்தக் குரலை முதலில் கேட்டபோது இராமலிங்கம் வாங்கிய பொரியைத் தின்ன மறந்து நின்றவன். கேசட்டில் கேட்டபோது குரல் இன்னும் இளசாக, இன்னும் குழைவாக இருந்தது. சிந்தாமணி பிறந்த பிறகு அது வீட்டுக்கு அரிசி பருப்பு மாதிரி ஆகிவிட்டது. முதல் பாட்டில் கானச்சுடர் மயிலைக் கூப்பிடுவார். மயில் வந்து சேர்வதற்குள் சிந்தாமணி தூங்கிவிடுவாள்.

எல்லாம் போன வாரம்வரை.

போன வாரம், ஆலை வாசல் டீக்கடையில் சங்கச் செயலாளர் அண்ணாதுரை ஒரு வாரப் பத்திரிகையைப் பிரித்தார். அண்ணாதுரைக்கு எதையும் மனசுக்குள் படிக்கிற பழக்கம் கிடையாது. கானச்சுடர் வேங்கடநாதனின் பேட்டியையும் உரக்கத்தான் படித்தார்.

"'பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ரசிக்கலாம். ஆனால் பாடுவது என்பது சில குடும்பங்களின் ரத்தத்தில் வருவது. ஏர் பிடிக்கிறவன் வீட்டிலிருந்தும் அரிவாள் பிடிக்கிறவன் வீட்டிலிருந்தும் ஒரு நாளும் சங்கீதம் வராது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எருமைக்குப் பாட வரவில்லை என்று யாராவது குறை சொல்வார்களா?'"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

இராமலிங்கத்தின் அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் அரிவாள் பிடித்தவர். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கடவுள் வாழ்த்துப் பாட ஆசைப்பட்டு இராமலிங்கம் எழுந்து நின்றபோது, "நீ நாற்காலி எடுத்துப் போடுடா, போதும்" என்று ஒரு வாத்தியார் சொன்னார். அன்றைக்கு எடுத்துப் போட்ட நாற்காலிகளின் கனம் இப்போது மறுபடியும் கைக்கு வந்தது. நெஞ்சில் வைத்துக் கும்பிட்ட குரல், அந்த வாத்தியாரின் குரலாக மாறிவிட்டது போலிருந்தது.

அவன் பேச்சாளன் இல்லை. ஆனால் அன்றைக்கு ஷிப்ட் விட்டு வந்தவர்கள் கூடியபோது, ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பேசினான்.

"இன்னையிலேர்ந்து அந்த ஆளு குரல் எறையூர்க் காத்துல கேக்கக் கூடாது. எந்த வூட்டுலயாவது கேட்டுச்சுன்னா, டேப் ரெக்கார்டரைத் தூக்கி வாய்க்கால்ல போடுவேன். அது என் சொந்த வூடா இருந்தாலும் சரி."

கடைசி வாக்கியத்தை விட்டிருக்கலாம். ஆனால் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். மறுநாள் ஆலை வாசல் கரும்பலகையில் அண்ணாதுரை தன் கையாலேயே எழுதினார்: 'கானச்சுடருக்கு எறையூரில் தடை. இராமலிங்கம் முழக்கம்.'

முழக்கத்தைக் கேட்டு வீட்டில் இன்னொரு ஆள் முழங்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை.

முதலில் சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை இரவல் வாங்கி வந்து போட்டான். சிந்தாமணி அழுகையை நிறுத்தினாள். ஆனால் தூங்கவில்லை. காலை உதைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். கேசட் முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து அழுதாள். நாதஸ்வரம் போட்டான். பயந்து போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரேடியோவைத் திருப்பினான். கத்தரிக்காய்க்கு மருந்து அடிப்பதைப் பற்றி ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் இராமலிங்கம்தான் தூங்கிப்போனான்.

"ஏங்க, நீங்களே பாடுங்களேன்" என்றாள் மலர்க்கொடி, அவனை உலுக்கி.

தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே மயில் பாட்டை அவன் பாடினான். இரண்டு வரி போயிருக்கும். கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பொன்னாயி, தலைமுடியை அள்ளிச் சொருகிக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு தம்பி, ஊருல அம்மாவுக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லக்கா. பாப்பாவுக்குப் பாட்டுப் பாடிக்கிட்டிருந்தேன்."

பொன்னாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா. நான் மாலை வாங்க ஆளு அனுப்பலாமான்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மலர்க்கொடி டேப் ரெக்கார்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க. அந்த ஆளு சொன்னது தப்புதான். பேட்டியைக் கேட்டதும் எனக்கும் பத்திக்கிட்டுதான் வந்துச்சு. ஆனா நாம அவருகிட்ட யோசனையா கேக்கறோம்? பாட்டுத்தானே கேக்கறோம். பாலு நல்லா இருந்தா, மாடு முட்டுற மாடான்னா பாக்கறோம்?"

"முட்டுற மாட்டுகிட்ட பால் கறக்கப் போனா ஒதைதான் வுழும்."

"கேசட்டு எப்படீங்க ஒதைக்கும்?"

"ஒதைக்குது மலரு. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் மயிலைக் கூப்புடறப்ப, என்னைப் பாத்து எருமைங்குற மாதிரி இருக்கு. நீ ஆளு வேற, பாட்டு வேறன்னு பிரிச்சிடுற. எனக்குப் பிரிய மாட்டேங்குது."

"சரி. பாப்பாவை வச்சுக்கிட்டு நீங்க பிரிச்சுக்கிட்டே இருங்க. நான் தூங்கறேன்" என்று குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் பாயில் படுத்துக்கொண்டாள்.

இராமலிங்கம் கொஞ்ச நேரம் கொள்கையோடு நடந்தான். சிந்தாமணி அவன் காதோடு வாயை வைத்துக் கத்தினாள். கொள்கை தளர்ந்தது.

சத்தம் வெளியே போகாமல் பாட்டு ஓட வேண்டும். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கல்யாணச் சீராக வந்த பெரிய பித்தளை அண்டா ஒன்று மூலையில் இருந்தது. டேப் ரெக்கார்டரை அதற்குள் இறக்கி, சத்தத்தைக் குறைத்து வைத்து, குழந்தையை அண்டாவின் பக்கத்தில் கிடத்தினான். பொத்தானை அழுத்தினான்.

பித்தளைக்குச் சத்தத்தை அடக்குகிற குணம் இருந்தால் கோயில் மணியைப் பித்தளையில் செய்திருக்க மாட்டார்கள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கானச்சுடர் மயிலைக் கூப்பிட்ட கூப்பாடு, அண்டாவில் சுற்றிச் சுழன்று, ஓட்டு இடுக்கு வழியாக ஏறித் தெருவெல்லாம் போனது. சிந்தாமணி புன்னகையோடு கண்ணை மூடினாள். தெரு கண்ணைத் திறந்தது.

அவன் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பாட்டை நிறுத்துவதற்குள் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அண்ணாதுரை. அவருக்குப் பின்னால் பொன்னாயி.

"ராமலிங்கம், ஒரு பாட்டுச் சத்தம் கேட்டுச்சே."

"ஆமாண்ணே. கேட்டுச்சு."

"இந்தப் பக்கம்தான் கேட்டுச்சு. கெணத்துக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி" என்றாள் பொன்னாயி.

இராமலிங்கத்தின் கண் அறையைச் சுற்றி வந்தது. அலமாரியில் ரேடியோ இருந்தது.

"ரேடியோல போட்டாங்கண்ணே. கத்தரிக்காய் மருந்து முடிஞ்சு, திடீர்னு இந்தப் பாட்டு. கேட்டதும் ஆத்திரத்துல பாய்ஞ்சு போய் நிறுத்துனேன்."

அண்ணாதுரை அவனை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் அவன் தோளில் கை வைத்தார்.

"உன் ஆத்திரம் எனக்குப் புரியுது தம்பி. கவர்மென்ட் ரேடியோவே இப்படிப் பண்ணலாமா? நாம சும்மா இருக்கக் கூடாது."

சும்மா இருந்தால் போதும் என்று சொல்ல இராமலிங்கம் வாயைத் திறந்தான். அதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.

மறுநாள் காலையில் ரேடியோ அவன் சொன்ன பொய்யை மெய்யாக்கியது. பக்திப் பாடல்கள் என்று அறிவித்து, கானச்சுடர் வேங்கடநாதனின் அதே மயில் பாட்டைப் போட்டார்கள். டீக்கடையில் அண்ணாதுரை மேஜையைக் குத்திய சத்தம் ஆலை வாசல்வரை கேட்டதாம். வீட்டிலோ மலர்க்கொடிக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல.

"நம்ம டேப்பு இல்ல, ரேடியோதானே. உங்க சபதம் ஒண்ணும் கெடல" என்று அவள் சிந்தாமணியைத் தூக்கி ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

கானச்சுடர் மயிலைக் கூப்பிட்டார். சிந்தாமணி வீறிட்டாள். அவர் குரலை உயர்த்த உயர்த்த அவளும் உயர்த்தினாள். பாட்டு முடியும்வரை யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை.

"பாத்தியா. பாப்பாவுக்கே ரோஷம் வந்துடுச்சு" என்றான் இராமலிங்கம். அவன் குரலில் ஒரு தகப்பனின் பெருமை இருந்தது.

"ரோஷமுமில்ல, ஒண்ணுமில்ல. ரேடியோ கரகரங்குது, அதான்" என்று மலர்க்கொடி அதை நிறுத்தினாள்.

அன்று சாயங்காலமே அண்ணாதுரை வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் கண்டன ஆர்ப்பாட்டம். கானச்சுடர் பாட்டை ரேடியோவில் போடக் கூடாது என்று கோரிக்கை. தலைமை இராமலிங்கம்.

"நான் எதுக்குண்ணே, நீங்களே..."

"மொதல்ல ரேடியோல கேட்டு ஆத்திரப்பட்டவன் நீ. நீதான் பேசணும். அப்பறம், குடும்பத்தோட வா. பச்சப் புள்ளையோட முன்னால நின்னா பேப்பர்ல போட்டோ வரும்."

"பாப்பாவா?" என்றான் இராமலிங்கம் மெல்லிய குரலில்.

"தூங்குற புள்ளயா இருந்தா இன்னும் நல்லது. பாக்கறவங்க மனசு எளகும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எறையூரிலிருந்து இரண்டு டிராக்டர் டிரெய்லர்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், வண்டியோட்டிகள், ஆலைத் தொழிலாளிகள், பொன்னாயி போலப் பெரம்பலூரில் சாமான் வாங்குகிற வேலை இருந்தவர்கள். அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஒரு போலீஸ்காரர் வேப்பமர நிழலில் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு வேர்க்கடலை தின்றார்.

மைக் இராமலிங்கத்தின் கைக்கு வந்தது. மலர்க்கொடி குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள். சிந்தாமணி ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத கண்களால் அவனைப் பார்த்தாள். அப்பாவின் குரல் ஸ்பீக்கரில் கிளம்பியதும் அழ ஆரம்பித்தாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்றான்.

சிந்தாமணி இன்னும் சத்தமாக அழுதாள்.

"நம்மள எருமைன்னு சொன்ன அந்த..."

"புள்ளய கவனிங்கப்பா" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். அண்ணாதுரை மலர்க்கொடியைப் பார்த்து, எங்காவது கொஞ்ச தூரம் கொண்டுபோகும்படி ஜாடை காட்டினார்.

அவள் பஸ் ஸ்டாண்டு ஓரமாகக் கொண்டுபோனாள். பால் கொடுத்துப் பார்த்தாள். பஸ்ஸைக் காட்டினாள். குழந்தை உடம்பே சிவந்து மூச்சு வாங்கியது. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. எதிரில் ஒரு கேசட் கடை. வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். உள்ளே சுருட்டை முடியோடு ஒரு இளைஞன் கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கடைக்காரன் ராசாங்கம்.

"தம்பி, கானச்சுடரு மயில் பாட்டு இருக்கா? கொஞ்சம் போடேன். புள்ள செத்துப் பொழைக்குது."

ராசாங்கம் அவளைப் பார்த்தான். எதிரே நடக்கிற ஆர்ப்பாட்டத்தைப் பார்த்தான். "அக்கா, இப்ப இதைப் போட்டா..." என்று இழுத்தான்.

"போடு தம்பி. புண்ணியமாப் போவும்."

அவன் ஒரு கேசட்டை எடுத்து மெஷினில் போட்டான்.

சாலையின் அந்தப் பக்கம் இராமலிங்கம் சூடு பிடித்திருந்தான். "இனிமே அந்தக் குரல் இந்த மண்ணுல..." என்று கையை உயர்த்தினான்.

அந்தக் குரல் அந்த மண்ணில் கேட்டது. இரண்டு பெட்டிகளிலிருந்தும், இளசாக, குழைவாக, மயிலைக் கூப்பிட்டுக்கொண்டு.

கூட்டம் முழுக்கத் திரும்பியது. சத்தம் போட வேண்டும் என்று யாருக்கும் உடனே தோன்றவில்லை. பொன்னாயியின் தலை தன்னால் ஆடியது. கரும்பு வெட்டுகிற ஒருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். போலீஸ்காரர் கடலையை மெல்லுவதை நிறுத்தினார். மேலே போய் மெதுவாக இறங்குகிற அந்தக் குரலுக்குக் கீழே, ஏர் பிடித்தவர்களும் அரிவாள் பிடித்தவர்களும் கொஞ்ச நேரம் வந்த வேலையை மறந்து நின்றார்கள். இராமலிங்கத்தின் உயர்த்திய கை இறங்க மறந்திருந்தது.

முதலில் தெளிந்தவர் அண்ணாதுரைதான். சாலையைக் குறுக்கே கடந்து கடைக்குள் நுழைந்தார். கூட்டமும் பின்னாலேயே போனது.

"நிறுத்துய்யா அதை."

ராசாங்கம் நிறுத்தினான். மலர்க்கொடியின் தோளில் தூங்கிப்போயிருந்த சிந்தாமணி, கண்ணைத் திறந்து வீறிட்டாள்.

"ஐயோ, போடுப்பா" என்றாள் பொன்னாயி.

போட்டான். சிந்தாமணி தூங்கினாள்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

நிறுத்தினான். வீறிட்டாள். பொன்னாயியே கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். தூங்கினாள்.

அண்ணாதுரை குழந்தையைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்ற இராமலிங்கத்தைப் பார்த்தார். சங்கத்தில் இத்தனை வருஷம் இருந்தவருக்குக் கணக்குப் போட ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அப்ப அன்னைக்கு ரேடியோ..."

"ரேடியோ இல்லண்ணே" என்றான் இராமலிங்கம். "என் வூட்டு அண்டா."

யாரோ சிரித்தார்கள். இராமலிங்கம் சிரிக்கவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே. நான் சொன்னது பொய்தான். ஆனா அன்னைக்குக் கல்லு மேல ஏறிப் பேசுனது பொய்யில்ல. அந்த ஆளு சொன்னது இப்பவும் இங்க முள்ளாக் குத்திக்கிட்டுதான் இருக்கு. இந்தப் பாட்டைக் கேட்டா அதே எடத்துல இனிக்கவும் செய்யுது. ஆளை வெறுக்க முடியுது. பாட்டை வெறுக்க முடியல. ஒரு வாரமா முயற்சி பண்ணிட்டேன்."

அண்ணாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"டேப் ரெக்கார்டரை வாய்க்கால்ல போடறேன்னு சொன்னே" என்றார், பழைய வேகம் இல்லாமல்.

"போட்டுடறேண்ணே."

"மொதல்ல பாப்பா முழிச்சுக்கட்டும்" என்றாள் மலர்க்கொடி.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அண்ணாதுரைக்கு, மெஷினுக்குப் பின்னால் ஒடுங்கி நின்ற ராசாங்கம் கண்ணில் பட்டான்.

"ஏம்ப்பா, உன்னைப் பாத்தாலும் நம்ம பக்கத்துப் புள்ளயாட்டந்தான் இருக்கு. நம்ம சனத்துக்குச் சங்கீதமே வராதுன்னு அந்த ஆளு சொன்னதைப் படிச்சியா, இல்லையா? படிச்சும் அவன் குரலை வித்துக்கிட்டிருக்கியே, உனக்குக் கூசல?"

ராசாங்கம் துடைக்கிற துணியை விரல்களில் சுற்றிக்கொண்டான்.

"படிச்சேண்ணே, அதான் பயந்துக்கிட்டு வாயைத் தொறக்கல. அவரு கேசட்டை ரெண்டு வருசம் முன்னாலயே மெஷினு தின்னுடுச்சு. கேட்டு வந்தவங்களைத் திருப்பி அனுப்ப மனசில்லாம, ஆர்மோனியத்தை வச்சு நானே பாடிப் பதிஞ்சிட்டேன். எறையூருக்கு வந்த கேசட்டு பூரா என் குரல்தாண்ணே. எங்கப்பா உங்க ஆலைக்குத்தான் கரும்பு வெட்டுறாரு."